பாரமேற்றிய லாரியின் இழுவைக் குறைவு

எருமூட்டைகளுடன் மேட்டுப்பாளையத்தினின்று உதகைக்கு ஏறும் டீசல் லாரி இடைவழியில் இழுவை குன்றுமாயின், டர்போ கெட்டதென்று உடனே துணிதல் கூடாது. வீண் பொருட்செலவு நேரும்.

முதலில் காற்று வடிகட்டியையும், டர்போவினின்று இஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாய்களையும் பார்வையிட வேண்டும். அவை செவ்வையாயிருப்பின், இஞ்சினுக்குள் காற்று நுழையுமிடத்திலுள்ள அழுத்தச் சென்சாரைப் பரீட்சிக்கலாம். இது அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினால், இஞ்சினை ஆளும் கணினி காற்று போதவில்லையெனக் கொண்டு டீசலைக் குறைத்துவிடும்.

பரீட்சை எளிது. இஞ்சினை ஓட்டாது, சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் அளவைக் காண்க. அப்பொழுது சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டவேண்டும். கடல்மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையிலோ சுமார் 77. இவ்வேறுபாட்டையறியாது நல்ல சென்சாரைக் கழற்றியெறிதல் பிழை.

அளவு மாறுபட்டால், கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் 5 வோல்ட் வருகின்றதா, எர்த் சரியா என்று பார்க்க. வராவிடின் குற்றம் பெரும்பாலும் வயரிலேயாம். எலி கடித்த வயர்களும் உண்டு. மின்சாரம் சரியாயின், சென்சார் முனையிற் படிந்த எண்ணெய்க்கரியைப் பதமாய் நீக்கி மறுபடி அளக்கவும்.

நிற்கையில் சரியாய்க் காட்டி, பாரத்தில் தவறும் சென்சாரும் உண்டு. ஆதலின் ஏற்றத்தில் ஓட்டுநரையன்றி மற்றொருவர் ஸ்கேனரைக் கவனித்து வருதல் வேண்டும்.