காரின் கண்ணாடியும் கண் காணா வெம்மையும்

புதிதாக மோட்டார் வண்டி வாங்குவோர் அதன் விலையையும் நிறத்தையும் பற்றிப் பன்னாள் ஆராய்ந்து முடிவு செய்கின்றனர். அவ்வண்டியின் கண்ணாடிகளில் ஒட்டத்தக்க சன் பிலிம் என்னும் மெல்லிய படலத்தை மட்டும், கடைக்காரர் காட்டுவனவற்றுள் மிகக் கறுத்தது எதுவோ அதனைச் சுட்டிக்காட்டிக் கால் நாழிகையில் தேர்ந்துவிடுகின்றனர். கறுப்பு மிகுந்தால் குளிர்ச்சி மிகும் என்பது மக்களிடையே வேரூன்றிய கருத்து. அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதனையும், வாங்குவோர் கேட்டறிய வேண்டிய எண்கள் யாவை என்பதனையும், நம் நாட்டுச் சட்டம் இதுபற்றி விதிப்பது யாது என்பதனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் வெயிலின் இயல்பை அறிதல் வேண்டும். 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வானநூலறிஞர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி ஒன்றின் வழியே செலுத்தி, விரிந்து தோன்றிய நிறங்களின்மேல் உஷ்ணமானிகளை வைத்து அளந்து பார்த்தார். ஊதாவினின்று சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் ஏறிற்று. அஃது அவ்வளவாக வியப்பன்று. சிவப்பும் முடிந்து, கண்ணுக்கு யாதொரு நிறமும் புலப்படாத இடத்தே வைத்த உஷ்ணமானி அதனினும் மிகுதியாக ஏறியதே வியப்பு. அகச்சிவப்புக் கதிர்கள் என நாம் இன்று வழங்குபவை அன்று கண்டறியப்பட்டவையே. அடுத்த ஆண்டிலேயே ஜெர்மானியராகிய ரிட்டர் என்பார், ஊதாவுக்கு அப்பாலும் கண் காணாக் கதிர்கள் உள என்பதனை, அவை வெள்ளியின் உப்பைக் கறுக்கச் செய்தலைக் கொண்டு நிறுவினார். அவை புறஊதாக் கதிர்களாம்.

நிலத்தை அடையும் வெயிலின் ஆற்றலை 100 பங்காகக் கொள்வோமாயின், புறஊதா சுமார் 5 பங்கும், கண்ணுக்குப் புலனாகும் ஒளி சுமார் 43 பங்கும், அகச்சிவப்பு சுமார் 52 பங்கும் ஆகும். ஆகவே, நம்மை வருத்தும் வெம்மையிற் பாதிக்கு மேற்பட்டது கண்ணுக்குப் புலப்படாதது. கறுப்பு என்பதோ கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பற்றிய குணம் மாத்திரமே. சாயந் தோய்த்த மலிவான பிலிம் ஒன்று இரவென இருண்டிருந்தும் அகச்சிவப்பிற் பெரும்பகுதியைத் தடையின்றி உள்ளே விடக்கூடும். செராமிக் என்று வழங்கும் பிலிமோ, ஏறக்குறையத் தெளிந்த கண்ணாடி போலத் தோன்றியும் அக்கதிர்களை நிறுத்தக்கூடும். இருளும் குளிர்ச்சியும் வெவ்வேறு என்பது இதனால் விளங்கும்.

இனி எண்களுக்கு வருவோம். கடைகளில் "97 வீதம் வெப்பத்தைத் தடுக்கும்" என்று விளம்பரம் செய்யக் காண்கின்றோம். இக்கூற்றைச் சிறு கணக்கினாலேயே சோதிக்கலாம். ஒரு பிலிம் புலனாகும் ஒளியில் நூற்றுக்கு 70 வீதம் உள்ளே விடுவதாகக் கொள்க. 43 பங்கில் 70 வீதம் ஏறக்குறைய 30 பங்கு. அகச்சிவப்பையும் புறஊதாவையும் ஒரு துளியும் விடாது தடுத்தாலும், இந்த 30 பங்கு ஆற்றல் ஒளியாகவே நுழைந்து, இருக்கைகளின்மேற் பட்டு வெப்பமாக மாறியே தீரும். எனவே அப்பிலிம் மொத்தத்தில் 70 பங்கிற்கு மேல் தடுத்தல் இயலாது. போதாக்குறைக்கு, பிலிம் உறிஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி மீண்டும் உள்நோக்கியே வீசும். உண்மையில் இத்தகைய உயர்தரப் பிலிம்களும் மொத்த வெப்பத்தில் 50 வீதத்தை ஒட்டியே தடுக்கின்றன. அங்ஙனமாயின் 97 என்பது பொய்யோ? பொய்யன்று, அஃது அகச்சிவப்பைப் பற்றிய எண், சில வேளை அதன் ஒரு பகுதியை மட்டும் பற்றிய எண். முழுமையைக் காட்டும் எண் "மொத்தச் சூரிய ஆற்றல் தடுப்பு" என்பதே. இரண்டு பிலிம்களை ஒப்பிடுவோர் அவ்வெண்ணையே கேட்டு ஒப்பிடுக.

கடைக்காரர் விளக்கொன்றை ஏற்றி, பிலிமுக்குப் பின்னே நம் கையை வைக்கச் சொல்லும் சோதனையும் இத்தகையதே. அவ்விளக்கு வீசுவது பெரும்பாலும் அகச்சிவப்பு, சூரியன் அவ்வாறன்று. கைக்குத் தோன்றும் வேற்றுமை வெயிலில் தோன்றும் வேற்றுமையினும் பெரிதாயிருக்கும்.

வகைகளைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். சாயப் பிலிம் விலை குறைந்தது. சில ஆண்டுகளில் ஊதா நிறமாக வெளிறும். உலோகப் பூச்சுடையது வெப்பத்தை நன்கு திருப்பும். ஆயினும் ரேடியோ அலைகளையும் மறிக்குமாதலால், கைப்பேசிக்கு மாத்திரமன்றி, முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டாகை சுங்கச்சாவடிக் கருவி படிப்பதற்கும் இடையூறாகலாம். கார்பன் பிலிம் அலைகளை மறிப்பதில்லை, நிறமும் வெளிறுவதில்லை. செராமிக் விலை மிக்கது. நம் மாவட்டங்களின் வெயிலுக்கு, பொருள் இடங்கொடுக்குமாயின், இதனையே நாம் மேலாகக் கருதுகின்றோம்.

புறஊதாவைப் பற்றி ஒரு சொல். முகப்புக் கண்ணாடி இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டதாகலின், அக்கதிர்களை ஏறக்குறைய முற்றும் தடுக்கும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைத் தகடு. அதனூடே புறஊதாவின் நீண்ட அலைகள் மிகுதியும் புகும். 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் என்னும் அமெரிக்க மருத்துவ ஏடு, 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதினர் ஒருவரின் படத்தை வெளியிட்டது. பலகணியை அடுத்திருந்த இடப்பாதி முகம் மட்டும் தடித்துச் சுருங்கி, வலப்பாதியினும் பல்லாண்டு மூத்தது போலக் காணப்பட்டது. நம் நாட்டு ஓட்டுநருக்கு அவ்வாறு வெயில் படுவது வலப்பக்கமாம். நல்ல பிலிம், தெளிந்ததாயினும், இக்கதிர்களில் 99 வீதத்தைத் தடுக்கும். இதற்கும் கறுப்பு வேண்டுவதில்லை.

சட்டத்தின் வரலாறு சற்றே வளைந்து செல்வது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 100ஆம் விதி, முன்பின் கண்ணாடிகள் 70 வீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 வீதமும் குறையாமல் ஒளி விடல் வேண்டும் என்கின்றது. 2012 ஏப்ரல் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம், எவ்வளவு ஒளி விடுவதாயினும் பிலிம் ஒட்டுதல் கூடாது என ஆணையிட்டது. கறுத்த கண்ணாடிகளுக்குப் பின்னே குற்றங்கள் மறைதலே அதற்குக் காரணம். பின்னர் விதி திருத்தப்பெற்று, 2021 ஏப்ரல் 1 முதல், உட்புறத்தே பிளாஸ்டிக் படலம் பொருந்திய கண்ணாடிக்கும் இந்தியத் தர நிர்ணயத்திற்கு உட்பட்டு இடமளிக்கப்பட்டது. 2024இல் கேரள உயர்நீதிமன்றம் இத்திருத்தத்தை எடுத்துக்காட்டி, அளவுக்குட்பட்ட பிலிம் குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது.

இவ்விடத்தே பலரும் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. சட்டம் கூறும் வீதம் பிலிமுக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து விடும் ஒளிக்கு உரியது. இரண்டையும் பெருக்கியே காணல் வேண்டும். தொழிற்சாலையிலேயே இளம்பச்சை ஏற்றிய பக்கக் கண்ணாடி 75 வீதம் ஒளி விடுமெனின், "50 வீதப் பிலிம்" என்று வாங்கி ஒட்டுவோன் பெறுவது 37.5 வீதமே, அது விதியை மீறியதாகும். 70 வீதப் பிலிமை ஒட்டினால் 52.5 வீதம் கிடைக்கும். அது மயிரிழையிற் பொருந்தும். முகப்புக் கண்ணாடி 80 வீதம் விடுவதாயின், 88 வீதம் விடும் பிலிமே அதற்கு ஏற்றது. ஆகலின் ஒட்டுமுன் ஒளிமானி கொண்டு வெறுங்கண்ணாடியை அளக்கச் செய்க.

சட்டத்திற்கு அஞ்சியே தெளிந்த பிலிமை நாடவேண்டும் என்பதில்லை. மழை பெய்யும் இரவில், விளக்கில்லாத் தெருவில், வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவோன் பக்கக் கண்ணாடி வழியே ஒரு சைக்கிளைக் காண்பதும் காணாமற் போவதும் இந்த வீதங்களிலே அடங்கியிருக்கின்றன. வயது ஏற ஏறக் கண் மங்கிய ஒளியில் காண்பது குறையுமாதலால், தந்தை ஓட்டும் வண்டிக்கு மைந்தன் பிலிம் தேர்வானாயின், தந்தையின் கண்ணை நினைந்து தேர்தல் வேண்டும். சாலையைக் கடப்போரும் ஓட்டுநர் தம்மைப் பார்த்தாரா என்பதனை அவர் முகத்தைக் கண்டே அறிகின்றனர்.

பிலிம் ஒட்டிய வண்டி வெயிலில் நின்றாலும் குளிர்ந்திருக்கும் என எண்ணிக் குழந்தைகளை உள்ளே விட்டுச் செல்வோரும் உளர். 2005இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், பிலிமற்ற மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 டிகிரி செல்சியஸ் ஏறிற்று. அதிலும் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே ஏறிற்று. பிலிம் அவ்வேற்றத்தைச் சிறிது தாழ்த்தும், நிறுத்தாது.

ஒட்டும் வேலை கண்ணாடியின் உட்புறத்தே, சோப்பு நீர் தெளித்துச் செய்யப்படுவது. புழுதியற்ற மூடிய அறையில் செய்யும் கடையை நாடுக. ஒட்டிய பின் மூன்று நான்கு நாள் கண்ணாடிகளை இறக்கலாகாது. அந்நாட்களில் தோன்றும் மங்கலும் சிறு நீர்க்கொப்புளங்களும் உலர உலர மறையும். அம்மோனியா கலந்த துடைப்பு நீரை விலக்குக. பின்கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருப்பின், பழைய பிலிமை உரிக்கும்போது அவை அறுந்துபோகாவண்ணம் வெந்நீராவி காட்டி மெல்லவே உரிக்கச் செய்க. தரச் சான்றிதழையும் ஒளி வீதம் குறித்த ரசீதையும் பதிவுப் புத்தகத்தோடு வண்டியிலேயே வைத்துக்கொள்க.