மறுபடியும் சேணத்தில்

கால்நடை மருத்துவம் படித்த காலத்தில், வேப்பேரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில்தான் சவாரி கற்றேன். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். பிள்ளைகள் தாங்களே பள்ளிக்குக் கிளம்பும் வயது வந்த பிறகுதான் மறுபடி லாயத்துப் பக்கம் போக முடிந்தது. பழக்கம் விட்டுப்போய்த் திரும்புகிறவர்களுக்கு, முக்கியமாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, இதை எழுதுகிறேன்.

புதிதாகக் கற்பவருக்கு இல்லாத ஆபத்து ஒன்று நமக்கு உண்டு. ட்ராட் என்னும் சிற்றோட்டத்தின் இரண்டு தட்டுத் தாளத்துக்கு எழுந்து உட்காருவது கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிடும். உடனே, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தோன்றும். ஆனால் உள்தொடையிலும் அடிவயிற்றிலும் அந்தப் பழைய பலம் இருக்காது. தொடை சோர்ந்ததும் முழங்கால் சேணத்தை இறுக்கும். முழங்கால் இறுகினால் குதிகால் மேலே ஏறும், உடம்பு இருக்கையை விட்டுக் கிளம்பும், சமநிலை போய்விடும். அதனால் தொடக்கத்தில் இருபது நிமிடம் போதும். இன்னும் ஒரு சுற்று போகலாமே என்று ஆசை இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். வகுப்பில் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டுப் படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலைக் கீழே இறக்கிப் பழகினால் கணுக்கால் இளகும். ஒற்றைக்காலில் நிற்பதும் உதவும்.

பரணில் கிடக்கும் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் நுரைப்பொருள் காலப்போக்கில் கெட்டுவிடும். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே கீறலே இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். சிறு குதிகால் வைத்த பூட்ஸ் அவசியம். தட்டையான ஷூ அங்கவடிக்குள் வழுக்கி முழுப் பாதமும் மாட்டிக்கொள்ளும்.

எந்தக் குதிரை என்பதில்தான் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். “உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே மேடம்” என்று துடிப்பான குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புதியவர்களுக்குத் தரும் குதிரையையே கேளுங்கள். சவாரிப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளும் இருக்கும். அழகான, புத்திசாலியான பிராணிகள். ஆனால் பந்தயத்தில் ஜாக்கி லகானைக் குட்டையாக, இறுக்கமாகப் பிடிப்பார். குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். அப்படிப் பழகியதன் மேல் ஏறி, பயத்தில் லகானை இழுத்துப் பிடித்தால் ‘ஓடு’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆழமாக உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டு, லகானைப் பிடித்துப் பிடித்துத் தளர்த்த வேண்டும். பந்தயம் விட்டு எவ்வளவு நாளாயிற்று, தினமும் யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எடையையும் பாருங்கள். நாமும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ, சேணத்தையும் சேர்த்து. தரையிலிருந்து தொங்கி ஏறாமல் ஏறுமேடை கேளுங்கள். தொங்கி ஏறும்போது சேணம் ஒரு பக்கமாக இழுபட்டுக் குதிரையின் முதுகுதான் நோகும். வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு. அதனால் ஏறுவதற்கு முன்பும், கொஞ்சம் நடக்கவிட்ட பிறகும் வயிற்றுப்பட்டையைச் சரிபார்க்க வேண்டும்.

முதல் சில வகுப்புகளை நீளக்கயிற்றில் செய்யக் கேட்டு வாங்குங்கள். பயிற்சியாளர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார், குதிரை அவரைச் சுற்றி வரும். நம் கையில் லகான் இருக்காது. கைகளை விரித்து, பிறகு அங்கவடியையும் விட்டு உட்காரப் பழகலாம். குழந்தைகளுக்கானது என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு இதைவிடப் பயன்பட்டது வேறில்லை. கடிவாளத்து இரும்பு குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில், பல்லே இல்லாத வெறும் ஈறின் மேல் கிடக்கிறது. தடுமாறுகிறவர் லகானில் தொங்கினால் அந்தப் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். இருக்கை உறுதியான பிறகு லகானைத் தொடுவதுதான் குதிரைக்குச் செய்யும் நியாயம்.

ட்ராட்டில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, லாயத்தில் முடி நரைத்த குதிரைப் பராமரிப்பாளர் (சயிஸ்) ஒருவர் சொன்னார்: “மூச்சு விடுங்க மேடம், அதுவும் விடும்.” விட்டேன். குதிரையின் கழுத்து தாழ்ந்து, முதுகு தளர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் வாய்விட்டு எண்ணுகிறேன். எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது.

சென்னையில் வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் நடையில் விட்டு, மூச்சு அடங்கியதும் பட்டையைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி வழித்துவிடுங்கள். மறுநாள் தொடை வலிப்பது இயல்பு. இடுப்பிலோ முதுகிலோ குத்தும் வலி என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

லகான் இல்லாமல், முழங்காலை இறுக்காமல் ட்ராட்டில் சுற்ற முடிகிறபோது, அடுத்த வேக ஓட்டமான கேன்டர் கேட்கலாம். நான் அதற்கு வந்துவிட்டேன். தடை தாண்டுவதை மட்டும் மழைக்காலம் முடிந்து மைதானம் காய்ந்த பிறகு தொடங்கலாம் என்று பயிற்சியாளரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.