சீனத்துத் தரைவண்டுகளை இனங்காண்பது எப்படி?

வகைப்பாட்டியல் என்றால் நம்மில் பலருக்குக் கசப்பு. தேர்வுக்கு முந்தின இரவில் இலத்தீன் பெயர்களை உருப்போட்டு, மறுநாள் தாளில் இறக்கிவைத்து, மாலைக்குள் மறந்துவிடும் பாடமாகவே அது நம்மிடையே இருந்து வருகிறது. விலங்கியல் மாணவனாகிய எனக்கு அப்பாடத்தின்மேல் பற்று ஏற்படக் காரணமாயிருந்தவை சீன நாட்டுத் தரைவண்டுகள். ஒரு பூச்சிக்கு இட்ட பெயர் சரியா, தவறா என்பதைப் பொறுத்தே அதற்குச் சட்டத்தின் காவல் கிடைக்கும் அல்லது கிடைக்காமற் போகும் என்ற நிலையை அங்கே காண்கிறோம். அந்தப் பெயரோ, கண்ணைக் கவரும் நிறத்தைக் கொண்டு முடிவாவதில்லை. எளிதில் கண்ணுக்குப் படாத உறுப்புகளைக் கொண்டே முடிவாகிறது.

தரைவண்டுகள் கோலியாப்டிரா வரிசையில் காராபிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் இதுவரை ஏறத்தாழ 40,000 சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. சீனாவில் மட்டும் சில ஆயிரம் உண்டு. வடக்கே குளிர்நாட்டு இனங்களும் தெற்கே வெப்பநாட்டு இனங்களும் ஒரே நாட்டின் எல்லைக்குள் சந்திப்பதும், மேற்கே மலைத்தொடர்கள் ஒன்றையொன்று அடுத்து நிற்பதும் இதற்குக் காரணங்கள். சீனர்கள் இவ்வண்டை 'பூ ஜியா' என்கின்றனர். 'பூ' என்றால் நடை. 'ஜியா' என்றால் கவசம். பறப்பதைவிட ஓடுவதையே பெரிதும் நம்பி வாழும் ஒரு பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா?

முதலில் குடும்பத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டை முதுகுப்புறமாகப் பார்க்காதீர்கள். மல்லாத்திப் போட்டு வயிற்றுப்புறத்தைப் பாருங்கள். பின்னங்கால்களின் அடிக்கணுவாகிய காக்ஸா அசையாதபடி உடலோடு ஒட்டி, பின்புறமாக நீண்டு, வயிற்றின் முதல் தகட்டை இரண்டாகப் பிரித்திருக்கும். இது அடிபேகா என்னும் துணைவரிசையின் அடையாளம். அதை அடுத்துள்ள ட்ரோகாண்டர் அவரைவிதை போலப் பருத்து ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். உணர்கொம்பு நூல் போன்றது. பதினொரு கணுக்கள் கொண்டது. கண்ணுக்கும் தாடைக்கும் இடையில் பொருந்தியிருக்கும். எல்லாக் கால்களிலும் டார்சஸ் ஐந்து கணுக்கள் உடையது. கருநிற டெனிப்ரியானிட் வண்டுகள் மேலோட்டமாகத் தரைவண்டு போலவே தோன்றும். ஆனால் அவற்றின் பின்னங்கால் டார்சஸில் நான்கு கணுக்களே உண்டு. நீரில் வாழும் டைட்டிஸ்கஸ் போன்ற வண்டுகளுக்கும் முன்சொன்ன காக்ஸா அடையாளம் உண்டு என்றாலும், அவற்றின் பின்னங்கால் துடுப்பாக மாறியிருப்பதால் குழப்பத்திற்கு இடமில்லை. புலிவண்டுகளைத் தரைவண்டுக் குடும்பத்தில் சேர்ப்பதா, தனிக்குடும்பமாக வைப்பதா என்பது நெடுநாள் வழக்கு. இக்காலத்தில் தனியே வைப்போர் மிகுதி. நமக்கு இங்கே அந்த வழக்கு வேண்டாம்.

குடும்பம் தெரிந்தபின் பேரினத்தை நோக்கி இறங்கும்போது துணைக்கு வருவன மயிர்கள். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். கண்ணின் மேல் விளிம்பில் நீண்ட உணர்மயிர் ஒன்றா, இரண்டா? தாடையின் வெளிப்பள்ளத்தில் மயிர் உண்டா, இல்லையா? உணர்கொம்பின் அடிக்கணுக்களில் எத்தனை மயிரின்றி வழவழப்பாக உள்ளன? இக்கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே போனால் பாதி வழி கடந்துவிடுகிறோம். முன்னங்கால் டிபியாவின் உட்புறத்தில் உணர்கொம்பைத் துடைத்துக்கொள்வதற்கென்று ஒரு வெட்டு இருக்கும். அது நடுப்பகுதியில் ஆழமாக இருக்கிறதா, நுனியிலேயே நிற்கிறதா என்பதும் பெரிய பிரிவுகளைக் காட்டித் தரும். மேலிறக்கைகள் நுனியில் கத்தரித்தாற்போல் முடிந்து வயிற்றின் கடைசிக் கணுக்கள் வெளியே தெரிந்தால், கொதிக்கும் திரவத்தைப் பீய்ச்சியடிக்கும் குண்டுவண்டாக அது இருக்கலாம். உயிருள்ள வண்டானால் விரலால் தொடுமுன் யோசிப்பது நன்று.

இனி நம் கதையின் நடுநாயகமாகிய காராபஸ் என்னும் பேரினத்திற்கு வருவோம். லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே வழங்கிய பெயர் இது. சீனத்துக் காராபஸ்களில் காப்டோலேப்ரஸ் என்ற துணைப்பேரினத்தைச் சேர்ந்தவை பேரழகு வாய்ந்தவை. காராபஸ் லாபோசெய் என்ற சிற்றினம் கிழக்குச் சீனாவில் வாழ்வது. அதன் தலையும் முன்மார்பும் செம்பொன்னாகவும், மேலிறக்கைகள் பச்சையாகவும் ஒளிரும். அவற்றின்மேல் கறுத்த புடைப்புகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். நீண்ட ஒடுங்கிய தலையை நத்தை ஓட்டினுள் நுழைத்து உண்ணும் இயல்புடையது. இத்தகைய ஒளிர்நிறம் பெரும்பாலும் சாயப்பொருளால் வருவதன்று. மேலுறையின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது. அடுக்கின் தடிப்பு சற்று மாறினாலும் பச்சை செம்பாகும், செம்பு நீலமாகும். ஒரே சிற்றினம் ஒரு மாவட்டத்தில் பச்சையாகவும் அடுத்த மாவட்டத்தில் சிவப்பாகவும் காணப்படுவது இதனால்தான். இந்த உண்மையைப் பொருட்படுத்தாமல் நிறத்தை நம்பிச் சேகரிப்பாளர்கள் சூட்டிய பெயர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. பின்வந்தோர் அப்பெயர்களைக் களையெடுப்பதிலேயே பல ஆண்டுகள் செலவிட வேண்டியதாயிற்று.

பெயர்கள் பெருகியதற்கு இயற்கையிலும் ஒரு காரணம் உண்டு. காராபஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பறக்கும் சிறகு குறுகிவிட்டது. மேலிறக்கையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிறு துண்டுதான் இருக்கும். பறக்க இயலாத பூச்சிக்கு ஆறும் பள்ளத்தாக்கும் கடக்கவொண்ணா எல்லைகள். எனவே மலைக்கு மலை வேறு வடிவம் தோன்றுகிறது. இதற்கு நேர்மாறாக, நெருங்கிய உறவினமாகிய கலோசோமாவுக்குச் சிறகு உண்டு. கலோசோமா சைனென்ஸ் என்ற சிற்றினம் சீனாவில் பரந்து காணப்படுவது. பயிரை அழிக்கும் புழுக்களைத் தின்பது. மேலிறக்கையில் பொற்புள்ளிகள் கொண்டது. சீனர் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'அகன்ற தோளுடைய தரைவண்டு' என்பதாகும். சிறகும் பறக்கும் தசையும் உள்ள வண்டுக்குத் தோள் அகன்றிருப்பது இயல்பு. ஊர் மக்களின் பெயரும் உடற்கூறும் இவ்வாறு ஒத்துப்போவதைப் படித்தபோது நான் வியந்தேன்.

பெயரிட்டவர்களைப் பற்றியும் சில சொற்கள். அர்மாண்ட் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பாண்டாக் கரடியை மேல்நாட்டு அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர், நடுச் சீனாவில் வண்டுகளையும் திரட்டினார். டெய்ரோல், பேர்மேர் என்போர் 1878இல் அவற்றை விவரித்தபோது ஒன்றுக்குக் காராபஸ் டேவிடி என்று பெயர் சூட்டினர். அமேசான் காட்டில் 11 ஆண்டுகள் அலைந்து, பட்டாம்பூச்சிகளின் போலித்தோற்றத்தை விளக்கிய ஹென்றி வால்டர் பேட்ஸை நாம் பாடநூலில் அறிவோம். அவர் தம் பிற்காலத்தைத் தரைவண்டுகளுக்கே ஒதுக்கினார் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. பிராட் என்பவர் யாங்சி ஆற்றங்கரையில் திரட்டிய வண்டுகளுக்கு 1880களில் அவர் பெயரிட்டார். பேட்ஸின் தரைவண்டுத் தொகுப்பு பின்னாளில் பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. ஒரு சிற்றினத்தின் பெயர் இறுதியில் நிலைபெறுவது அதன் மூல மாதிரியில்தான். ஆகவே தம் ஊர் மலையில் பிடித்த வண்டுக்குப் பெயர் காண விரும்பும் சீன ஆய்வாளர் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் போயாக வேண்டிய நிலை உண்டாயிற்று. அங்கே போனாலும் சீட்டில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் பழைய எழுத்துமுறையில் இருக்கும். கியுகியாங் என்றிருந்தால் இன்றைய ஜியுஜியாங். இச்சாங் என்றால் யிச்சாங். மூபின் என்றால் சிச்சுவானிலுள்ள பாவ்சிங். சில சீட்டுகளில் வெறும் 'சீனா' என்றுமட்டும் இருக்கும். அவ்வளவு பெரிய நாட்டில் எந்த மலையைத் தேடுவது?

நிறமும் நம்பத்தக்கதன்று, சீட்டும் போதாது என்றால் எதைக் கொண்டு முடிவு செய்வது? ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கிறது. காய்ந்த மாதிரியை வெந்நீரில் இளக்கி, வளைந்த ஊசியால் அவ்வுறுப்பை வெளியே இழுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தெளிவாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதன் உள்ளே மடிந்திருக்கும் மெல்லிய பையை உப்பவைத்து அதன் மேடுபள்ளங்களை ஒப்பிடும் முறையை 1970களில் ஜப்பானிய அறிஞர் இஷிகாவா வகைப்பாட்டிற்குச் சிறப்பாகப் பயன்படுத்தினார். உப்பிய பை சுருங்காமலிருக்கச் சிலர் ஊசிக்குழலால் பற்பசையைச் செலுத்துகின்றனர். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய பொருள் எல்லாம் விலை உயர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பதில்லை!

பின்னர் மரபணு ஆய்வும் வந்தது. ஜப்பானில் ஓசாவாவும் அவர் குழுவினரும் மைட்டோகாண்டிரிய மரபணு ஒன்றைக் கொண்டு காராபஸ் உறவுமுறையை ஆராய்ந்து 2004இல் நூலாக வெளியிட்டனர். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் வடிவங்கள் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். நத்தை தின்னும் நீள்தலை இதற்கு நல்ல சான்று. காப்டோலேப்ரஸுக்கும் அது உண்டு. சற்றே தூரத்து உறவாகிய சைக்ரஸ் என்ற பேரினத்துக்கும் உண்டு. உணவு ஒன்றானதால் தலை ஒன்றுபோலாயிற்றே தவிர, நெருங்கிய உறவால் அன்று.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்போருக்கு ஒரு விடை உண்டு. சீன அரசு 1989இல் வெளியிட்ட பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில், இரண்டாம் தரத்தில், காராபஸ் லாபோசெய், காராபஸ் டேவிடி ஆகிய இரண்டும் இடம்பெற்றன. 2021இல் பட்டியல் திருத்தப்பட்டபோது காராபஸ் பேரினத்தில் ஒன்பது சிற்றினங்கள் காவல் பெற்றன. இவற்றைப் போலவே மின்னும் வேறு பல காராபஸ்களுக்கு அப்பட்டியலில் இடமில்லை. சேகரிப்பாளர்களின் சந்தையில் இந்த வண்டுகளுக்கு விலை உண்டு. ஒரு பெட்டியில் இருப்பது லாபோசெய்யா, அதன் அண்டை இனமா என்பதை அதிகாரி ஒருவர் தீர்மானிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துத் தீர்மானித்தால் குற்றவாளி தப்பலாம், குற்றமற்றவர் சிக்கலாம். என் கருத்தில், எளிய படங்களுடன் கூடிய நல்லதொரு இனங்காண் திறவுகோல் இங்கே சட்டத்தின் ஒரு பிரிவுக்குச் சமம்.

சீனத்தின் தென்மேற்கில் கதை வேறு. குவாங்சி, குய்சோ மாநிலங்களின் சுண்ணாம்புக் குகைகளில் ட்ரெகினே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்த கண்ணற்ற வண்டுகள் வாழ்கின்றன. ஜப்பானிய அறிஞர் யுவேனோவும் சீனரான வாங்கும் 1991இல் சினாபேனாப்ஸ் மிராபிலிசிமஸ் என்ற சிற்றினத்தை விவரித்த பிறகு, நூற்றுக்கும் மேற்பட்டவை வெளிச்சத்துக்கு வந்துள்ளன. வெளிச்சத்துக்கு என்று சொல்வதே பொருந்தாதோ! 2002இல் பிரெஞ்சு அறிஞர் தெவ் விவரித்த ஒன்றுக்கு, அதன் நீண்ட உடலமைப்பைக் கருதி ஜிராபேபேனாப்ஸ் என்றே பெயர். 2017இல் குவாங்சியின் தூஆன் பகுதிக் குகையில் சுவேடைட்டஸ் பெல்லஸ் கண்டறியப்பட்டது. அதை விவரித்தவர்களுள் முதன்மையானவர் குவாங்சோவிலுள்ள தென்சீன வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியான் மிங்யி. இருட்டில் கண் மறைந்து, சிறகு மறைந்து, நிறம் வெளிறி, காலும் உணர்கொம்பும் நீண்டுவிடுவதால் பல பேரினங்கள் ஒரே அச்சில் வார்த்தாற்போல் தோன்றுகின்றன. அங்கே பெரிதும் கைகொடுப்பவை பழைய நண்பர்களாகிய மயிர்களே. மேலிறக்கையின் ஓரக்குழிகளில் நிற்கும் உணர்மயிர்கள் எந்தெந்த இடத்தில், எத்தனை என்று எண்ணியே பேரினத்தைப் பிரிக்கின்றனர். ஒரு சிற்றினத்துக்கு ஒரே குகை உலகமாக இருக்கும்போது, அம்மலையைச் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டினால் இனம் முழுவதும் போய்விடும்.

தரைவண்டு இனங்காணலில் பழக விரும்பும் நம் மாணவர்களுக்கு ஆண்ட்ரூஸ் எழுதிய நூல் இன்றும் உதவும். இந்திய வனத்துறையில் பணியாற்றிய அவர், பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் தரைவண்டுகளைப் பற்றி 1929இலும் 1935இலும் இரு தொகுதிகள் வெளியிட்டார். நம் வயலுக்கும் தென்சீன வயலுக்கும் பொதுவான வண்டு ஒன்றும் உண்டு. ஒபியோனியா இண்டிகா என்பது அதன் பெயர். செம்பழுப்பு உடல், கருநீலத் தலை, ஒடுங்கிய கழுத்து. இப்பேரினத்து வண்டுகள் நெற்பயிரின் இலைச்சுருட்டுப் புழுவை அது சுருட்டிய மடிப்புக்குள்ளேயே புகுந்து தின்பவை. நாளொன்றுக்கு 3 முதல் 5 புழுக்கள் வரை தின்னும். அதே நெல்வயலில், அதே செம்மையும் கருமையும் கொண்டு பீடரஸ் என்ற வேறு குடும்பத்து வண்டும் உலவும். அதைத் தோலில் வைத்து நசுக்கினால் கொப்புளம் எழும். பீடரஸின் மேலிறக்கை குட்டையானது. வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். ஒபியோனியாவின் மேலிறக்கை வயிற்றை ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்கும். வயலில் இறங்குவோர் இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்துக்கொண்ட பிறகு கையை நீட்டலாம்.