சின்ன மோட்டார் சைக்கிளில் எதற்குச் செலவழிப்பது?

காங்கேசன்துறைப் பக்கம் ஹொண்டா சாலிகளை இன்றும் காண்கிறோம். சின்னச் சில்லு, 50 அல்லது 70 சிசி எஞ்சின். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகையும் கரியும் கூடின. ஆனாலும் அலுவல் நடந்தது. இன்று இளைஞர் கேட்பது வேகம்.

முதலில் இழந்த வலுவை மீட்போம். வால்வு இடைவெளி, பிளக், காற்று வடிகட்டி, செயின், ரயர்க் காற்று ஆகியவற்றைச் சரிபார்க்கச் செலவு சொற்பம்.

அடுத்தது பற்சில்லு. முன்னே 14 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால், அதே எஞ்சின் சுற்றுக்கு வேகம் ஏறக்குறைய 7 வீதம் கூடும். இழுவை அவ்வளவுக்குக் குறையும். குடாநாடு மட்டமான தரை. தனியே போகிறவருக்கு இது பொருந்தலாம். மயிலிட்டியிலிருந்து மீன்பெட்டி கட்டி வருகிறவருக்கோ, எதிர்க்காற்றில் ஒரு பல் குறைவதே நல்லது.

பெரிய கார்பரேட்டரை மட்டும் பூட்டுவது பெரும்பாலும் வீண். சைலன்சரை வெட்டினால் அயலவருக்குத்தான் தெரியும். பெரிய பிஸ்டன் உண்மையிலேயே வலுத் தரும். ஆனால் பிரேக் பழையதே. மணிக்கு 40 கிலோமீற்றரை 50 ஆக்கினால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேலாகும். அந்தப் பணத்தை முதலில் பிரேக்குக்கும் ரயருக்கும் விளக்குக்கும் கொடுங்கள். இருட்டில் வீதியில் மாடு நிற்கும். கடலோர உப்புக்காற்றில் வயர் இணைப்புகள் பச்சை பிடித்து விளக்கு மங்கும். அவற்றைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.