முதல்ல தாங்கினார், அப்புறம்தான் வேலை கொடுத்தார்



இன்னைக்குப் பார்க்கப்போறது நம்மில் பலருக்குத் தெரிஞ்ச கதைதான். 15-ஆம் நூற்றாண்டு, திருவண்ணாமலை. தன்னையே வெறுத்துப்போன அருணகிரிநாதர் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதிக்கிறார். முருகன் தாங்கிப் பிடிக்கிறார். அதன் நினைவாத்தான் அங்கே கோபுரத்திளையனார் சன்னதி இருக்குன்னு பெரியவங்க சொல்வாங்க.

இதுல வரிசையைக் கவனிங்க. "திருந்திட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று முருகன் சொல்லவில்லை. பழைய கணக்கைக் கேட்கவில்லை. முதலில் தாங்கினார். திருப்புகழ் பாடும் வேலையைக் கொடுத்தது அதுக்கு அப்புறம்தான்.

ஆனா நாம நமக்குச் செய்யறது நேர் எதிர். ஒரு அரியர் விழுந்தா, ஒரு இன்டர்வியூ போச்சுன்னா, முதல்ல திட்டு. தாங்குறது கடைசியில, இல்லன்னா இல்லவே இல்லை.

போன வருஷம் நான் இருந்த கம்பெனியில ஆட்குறைப்பு நடந்தது. லிஸ்ட்ல என் பேரும் இருந்தது. அடுத்த நாலு மாசம் வேலை இல்லை, வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியலை. அப்போ எனக்குக் கைகொடுத்தது மூணு பழக்கம். டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் எழுதியதும் இந்த மூணைப் பத்திதான்.

1. நண்பன்கிட்ட பேசுற மாதிரி உங்ககிட்ட பேசுங்க. வேலை போன நண்பனை "நீ வேஸ்ட்"னு சொல்வோமா? "சாப்ட்டியாடா? முதல்ல தூங்கு, காலைல பார்க்கலாம்"னுதான் சொல்வோம். அதே வார்த்தையை உங்களுக்கும் சொல்லுங்க.

2. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணத்தை விடுங்க. கஷ்டம் எல்லாருக்கும் வரும். அருணகிரியாருக்கே வந்தது.

3. வலியை மறைக்கவும் வேண்டாம், ஊதிப் பெருக்கவும் வேண்டாம். எங்க துறையில சர்வர் படுத்துட்டா போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். நல்ல டீம்ல "யார் பண்ணது?"ன்னு கேட்க மாட்டாங்க, "எப்படி நடந்தது, அடுத்து என்ன?"ன்னுதான் கேட்பாங்க. ஒரு பேப்பர்ல உங்க பிரச்சினையையும் அப்படி எழுதிப் பாருங்க. நான் எழுதினப்போ, போனது வேலை, நான் இல்லைன்னு புரிஞ்சது.

"இப்படி இருந்தா சோம்பேறி ஆயிட மாட்டோமா?"ன்னு சிலர் கேட்கலாம். தாங்கப்பட்ட அருணகிரியார் சும்மா உட்காரலை. ஊர் ஊராப் போய்ப் பாடினார். நம்ம கைக்குக் கிடைச்சிருக்கிறதே 1,300-க்கும் மேற்பட்ட பாடல்கள். அன்பா நடத்தப்பட்டவனுக்குத்தான் எழுந்து நடக்கத் தெம்பு வரும்.

ஒரு முக்கியமான விஷயம். உயிரை விடணும்னு எண்ணம் வந்தா தனியா இருக்காதீங்க. வீட்டுல யாரையாவது எழுப்புங்க. 14416-க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தாங்குற கை மனுஷ உருவத்துலயும் வரும்.

இன்னைக்கு ராத்திரி படுக்கும்போது திட்டுக்குப் பதிலா ஒரு நல்ல வார்த்தை உங்களுக்குச் சொல்லிட்டுத் தூங்குங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚