வானில் போர் விமானம்: பார்ப்பதும் படம் எடுப்பதும்

கேள்வி: 2024-இல் மெரினாவில் எடுத்த படங்களில் விமானங்கள் கரும்புள்ளியாகவே விழுந்திருக்கின்றன. கேமரா கோளாறா? (தாம்பரம்)

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, வெளிச்சம்தான் காரணம். இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டையொட்டி அக்டோபர் 6 அன்று நடந்த அந்தச் சாகசம் காலை 11 முதல் பகல் 1 மணி வரை நீடித்தது. மெரினா கிழக்கு பார்த்த கரை. 11 மணிக்குச் சூரியன் தென்கிழக்கில் உச்சியை நெருங்கியிருக்கும். விமானத்தின் அடிவயிறு நிழலில் கிடக்க, பின்னால் வானம் கண் கூசும். அந்தக் கூச்சத்தை அளந்த கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை கூட்டி வைக்க வேண்டும். வடகிழக்கு வானில் வரும் விமானத்தின் மேல் வெளிச்சம் நன்றாக விழும். விமானம் கூட்டத்தின் பக்கம் சாய்ந்து வளையும்போது அதன் முதுகு தெரியும். விமானியின் கண்ணாடிக் கூண்டு ஒரு கணம் பளிச்சிடும். விரலை அழுத்த வேண்டிய கணம் அது.

கேள்வி: ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு? (சூலூர்)

பதில்: ஜெட் விமானத்துக்கு 1/1000-க்குக் கீழே இறங்கக் கூடாது, 1/2000 நல்லது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் 1/2000 நொடியில் 12 செ.மீ.க்குச் சற்று அதிகமாக நகர்ந்துவிடும். கேமராவும் அதோடு சேர்ந்து நகர்ந்தால்தான் படம் கூர்மையாக வரும். டகோட்டா, ஹார்வர்ட் போன்ற பழைய விமானங்களுக்கும் ஹெலிகாப்டருக்கும் 1/250 போதும். சுழலும் விசிறி அசையாமல் விழுந்த படத்தில் உயிர் இராது.

கேள்வி: ட்ரைபாட் கொண்டுபோகலாமா? (வேலூர்)

பதில்: வேண்டாம். தலைக்கு மேல் பாயும் விமானத்தைக் கைதான் தொடர முடியும்.

கேள்வி: சத்தம் கேட்டதும் கேமராவைத் திருப்பினாலும் விமானம் சிக்குவதில்லையே? (திருச்சி)

பதில்: பலரும் செய்யும் தவறு இது. சத்தம் வரும் திசையில் விமானம் இருக்காது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். ஒரு கி.மீ. தொலைவிலிருந்து அது காதை எட்ட 3 நொடி ஆகும். அதற்குள் 900 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் முக்கால் கி.மீ. தாண்டியிருக்கும். காதை நம்பித் திரும்புபவருக்கு வெற்று வானமே கிடைக்கும். நேராக வரும் விமானத்தின் இரைச்சல் பெரும்பாலும் அது தலையைக் கடந்த பிறகே இடிபோல் இறங்கும். ஆகவே கண்தான் முந்த வேண்டும். விமானம் நுழையும் இரு முனைகளையும் அடிவானத்தோடு ஒட்டித் துழாவ வேண்டும். புள்ளியாகத் தெரியும்போதே ஃபோகஸ் பிடித்து, அது பெரிதாகும் வரை விடாமல் தொடர வேண்டும். எடுத்த படத்தைத் திரையில் பார்ப்பதற்காகத் தலை குனியவே கூடாது. அந்த ஐந்து நொடியில்தான் அடுத்த விமானம் வந்து போகும். கேமராவே இல்லாதவருக்கும் இது பொருந்தும். முன்கூட்டி வானத்தைப் பார்த்து நிற்பவரே விமானத்தை முழுமையாகப் பார்த்தவர்.

கேள்வி: இறக்கையில் வெண்மேகம் சூழ்ந்தால் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று பொருளா? (புதுச்சேரி)

பதில்: அப்படியல்ல. விமானம் கூர்மையாகத் திரும்பும்போது இறக்கையின் மேல் காற்றழுத்தம் குறையும். காற்று சட்டெனக் குளிரும். அதிலுள்ள ஈரம் வெண்மையாகப் படரும். இறக்கையின் மேற்புறத்தில் பஞ்சுபோல் எழுந்து அரை நொடியில் கரையும். ஒலியின் வேகத்துக்குக் கீழேயும் இது நிகழும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அங்கே இதைப் பிடிக்க வாய்ப்பும் அதிகம்.

கேள்வி: ரஃபேல், தேஜஸ், சுகோய் மூன்றையும் பிரித்தறிவது எப்படி? (தஞ்சாவூர்)

பதில்: வாலில் தொடங்கலாம். நிமிர்ந்த வால் இரண்டு இருந்தால் சுகோய்-30. ஒற்றை வாலும், மூக்குக்குப் பின்னால் சிறு இறக்கைகளும் இருந்தால் ரஃபேல். ஒற்றை வால் இருந்து, அந்தச் சிறு இறக்கைகள் இல்லாத முக்கோண வடிவம் தேஜஸ்.

கேள்வி: கைப்பேசி மட்டுமே இருக்கிறது. (கடலூர்)

பதில்: கவலை வேண்டாம். ஜூம் செய்யாமல் அகலமாக எடுப்பது நல்லது. சூரியகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் புகைக்கோடு இழுத்துச் செல்வதையும், கீழே அண்ணாந்து பார்க்கும் முகங்களையும் ஒரே படத்தில் அடக்கக் கைப்பேசி போதும்.

கேள்வி: குழந்தைகளை அழைத்துப் போகலாமா? (ஆவடி)

பதில்: போகலாம், ஆயத்தத்தோடு. மெரினா நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் 5 பேர் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. லென்ஸை எடுத்து வைப்பதற்கு முன் தண்ணீரை எடுத்து வைக்க வேண்டும். ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர், தொப்பி, குழந்தைகளுக்குக் காதுக் கவசம் அவசியம். தலை சுற்றினாலோ வாந்தி வருவதுபோல் இருந்தாலோ உடனே நிழலுக்குப் போய்விட வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் முண்டியடித்து வெளியேறாமல், நிழலான இடத்தில் காத்திருந்து கூட்டம் கலைந்த பின் கிளம்புவதே பாதுகாப்பு.