கம்பெனி லோடா, மார்க்கெட் லோடா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒரே ஒரு லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு எப்போதும் இரண்டு வழிதான். பெரிய டிரான்ஸ்போர்ட்டில் வண்டியை அட்டாச் செய்து, பேசிய வாடகைக்கு வருஷம் முழுக்க ஓடலாம்; அது கம்பெனி லோடு. இல்லையென்றால் புக்கிங் ஆபீஸில் அன்றைக்குக் கிடைக்கும் லோடை அன்றைய வாடகைக்கு ஏற்றலாம்; அது மார்க்கெட் லோடு. எது லாபம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் டன் வாடகையை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு பல வண்டிகளை ஃபைனான்ஸ்காரர் கையில் கொடுத்திருக்கிறது. கிளம்பி, இறக்கி, ரிட்டன் ஏற்றி, ஊர் வந்து, அடுத்த லோடு ஏறும் வரைக்கும் ஒரு நடை. அந்த நடைக்கு நாளொன்றுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

மும்பை நடையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. அந்த இடத்தில் உங்கள் டைரியில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். போக வர 2,500 கிலோமீட்டர். பத்துச் சக்கர வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 625 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்றால் 57,500. டோல், படி, கமிஷன், கூலி, வழிச்செலவு 25,000. ஆக 82,500 செலவு.

மார்க்கெட் நன்றாக இருக்கும் மாதத்தில் போக 70,000, வர 45,000 கிடைத்தால் மிச்சம் 32,500. ஒன்பது நாளில் முடித்தால் நாளுக்கு 3,600. இதே நடை மழைக்காலத்தில் எப்படி இருக்கும்? வாடகை மொத்தத்தில் 10,000 குறைகிறது, லோடுக்காக நாலு நாள் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது. மிச்சமான 22,500-ஐப் பதின்மூன்று நாளுக்கு வகுத்தால் 1,730. வாடகையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. நாள் வருமானமோ பாதிக்கும் கீழே போய்விட்டது. நின்ற நாள்தான் அதைத் தின்றது. டியூ, டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி எல்லாம் இதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

கம்பெனி லோடுக்குப் பத்து சதவீதம் குறைத்துப் பேசினார்கள் என்று வையுங்கள்: 1,03,500. மிச்சம் 21,000. போகவும் வரவும் சரக்கு தயாராக இருப்பதால் எட்டு நாளில் நடை முடிகிறது, நாளுக்கு 2,625. ஆனால் பணம் வர 60 நாள் ஆகும் என்றால், மாதம் மூன்று நடைக்கு ஆறு நடைச் செலவு, ஏறக்குறைய 5 லட்சம், வெளியிலேயே நிற்கும். ஒன்றரை வட்டிக்கு மாதம் 7,500. இதைக் கழித்தால் நாளுக்கு 2,300 தேறும். மார்க்கெட் லோடில் பெரும்பகுதி வாடகை ஏற்றும்போதே அட்வான்ஸாக வந்துவிடுவதால் இந்த வட்டிச் சுமை இல்லை.

ஆக, நல்ல சீசனில் மார்க்கெட், மந்தத்தில் கம்பெனி. சீசனைச் சரியாகக் கணிப்பதில்தான் சிரமம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையால் கட்டட வேலை குறையும். சிமெண்ட், கம்பி ஏற்றிய வண்டிகளும் மற்ற சரக்குக்கு வந்து நிற்கும். எல்லா வாடகையும் இறங்கும். அக்டோபரில் அறுவடையும் பண்டிகைச் சரக்கும் சேர்ந்து மார்க்கெட்டைத் தூக்கும். மார்ச்சில் கணக்கு முடிப்பதற்காகக் கம்பெனிகள் சரக்கைத் தள்ளும். ஏப்ரல் பிறந்ததும் மார்க்கெட் படுத்துவிடும். தீபாவளி, பொங்கல் வாரத்தில் டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் வண்டி கிடைக்காது. தானே ஓட்டுபவர் வாடகையை உயர்த்திக் கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை. அந்த ஒரு வாரத்தைக் குடும்பத்துக்கு வைத்துக்கொள்வதா, வண்டிக்குக் கொடுப்பதா என்பதை வீட்டில் கலந்து முடிவு செய்யுங்கள்.

போகிற ஊரை, ரிட்டனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹாவேரி, தாவணகெரே பக்கம் அக்டோபரிலிருந்து மக்காச்சோளம் வரத்து தொடங்கும். நாமக்கல் கோழித்தீவனத்துக்கு அது தேவை. அந்த மாதங்களில் ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் லோடு, டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், ஏற்றத் தகுந்தது. திரும்பும் வழியிலேயே சரக்கு இருக்கிறது.

காஷ்மீர் ஆப்பிள் வாடகை மனதை இழுக்கும். அந்த வாடகைக்குள் ஸ்ரீநகர் சாலையின் அபாயமும் அடங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் மண்சரிவில் அந்த நெடுஞ்சாலை அடைபட்டபோது ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்று சரக்கு அழுகியது. ஒரே வண்டியும் மாதாமாதம் டியூவும் உள்ளவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பேன். ஓவர்லோடு வாடகையும் அப்படித்தான். 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடையை 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியாகிவிட்டது; அதற்கு மேல் ஏற்றினால் டயரும் பட்டையும்தான் கூலி கொடுக்கும்.

கம்பெனியில் கையெழுத்துப் போடும் முன் டீசல் விலைக்கு ஏற்ப வாடகை மாறும் என்ற ஷரத்து இருக்கிறதா பாருங்கள். 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6-க்குள் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. மேலே சொன்ன கம்பெனி நடையில் அது 6,250 ரூபாய், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியைக் காக்கவைத்தால் தரும் ஹால்டிங் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, நாளுக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மார்க்கெட் லோடில் பாக்கி சிக்குவது டெலிவரி ரசீதில். இறக்கிய இடத்தை விட்டு நகரும் முன் சீல், தேதி, கையெழுத்து மூன்றையும் பாருங்கள். ஓரத்தில் ‘2 மூட்டை ஈரம்’ என்று சின்னதாக எழுதிவிட்டால் பாக்கி முழுதும் அதில் பிடிபடும். எழுதவிடாமல் தடுக்க முடியாவிட்டால், தார்ப்பாயையும் மூட்டையையும் அங்கேயே போட்டோ எடுத்து புக்கிங் ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்கள். பத்து வண்டிக்குள் உள்ளவர் பான் எண்ணும் உறுதிமொழியும் கொடுத்தால் டி.டி.எஸ் பிடிக்கக் கூடாது. அந்தத் தாளின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும்.

அட்டாச் பேச்சை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஜூலையில் போனால் உங்களைப் போலவே பலர் அங்கே நிற்பார்கள், கம்பெனிக்காரர் சொல்வதே வாடகை. வருஷக் கட்டாயம் வேண்டாம். ஒரு மாத நோட்டீஸில் விலக இடம் கேளுங்கள், செப்டம்பரில் அந்த நோட்டீஸைக் கொடுத்துவிட்டு அக்டோபரில் மார்க்கெட்டுக்கு வரலாம்.